சிலாப்பை உடைக்கும் முன்: பெங்களூரு கடைத்தெரு ஒன்றின் மழைநீர் வடிகால், ஒரு நிகழ்வு ஆய்வு

அல்சூர் பக்கம் தமிழர் கடைகள் நிறைந்த ஒரு தெருவில் 2023 கோடை தொடங்கி 2024 இறுதி வரை நடந்த வடிகால் வேலையின் பதிவு இது. தெருவின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். நான் கட்டட மேற்பார்வை வேலையில் இருப்பவன். வியாபாரிகள் சங்கம் கேட்டுக்கொண்டதால் மட்டம் பார்த்து அளவெடுத்துக் கொடுத்தேன், வார்டு பொறியாளரோடு நடந்த பேச்சுகளில் கூட இருந்தேன்.

தெருவும் அதன் தண்ணீரும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. பெய்கிற மழை ஹெப்பாள், கோரமங்களா-சல்லகட்டா, விருஷபாவதி என்ற மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக ஏரி ஏரியாக இறங்கிப் போகும். அல்சூர் பக்கத்துத் தண்ணீர் பெள்ளந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும் போய், கடைசியில் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அந்த அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தெருவின் எண்ணெயும் அரிசி கழுவிய தண்ணீரும் போய்ச் சேருமிடம் அதுதான்.

தெரு ஏறக்குறைய 180 மீட்டர் நீளம். இரண்டு டிபன் ஓட்டல், ஒரு மாவு மில், ஹார்டுவேர் கடை, பாத்திரக்கடை, ஜெராக்ஸ், டூவீலர் மெக்கானிக், மருந்துக்கடை என்று நாற்பது கடைகள் இருக்கும். கடைகளின் முன்னால் இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு வடிகால். அதன் மேல் அவரவர் போட்ட சிலாப், அதற்கு மேல் டைல்ஸ், சிலருக்கு வண்டி ஏறச் சரிவு. அந்தச் சிலாப்புகளின் ஓரத்தில் காலையில் பூக்காரப் பெண்கள் உட்காருவார்கள். அடிக்கடி தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டதால், தெருவின் கீழ்க்கோடியில் இருந்த ஏழெட்டுக் கடைகளின் தரை சாலையைவிடத் தாழ்ந்து போயிருந்தது.

அரை மணி நேரம் அடித்துப் பெய்தால் கீழ்க்கோடியில் முட்டியளவு தண்ணீர் நிற்கும். பல வருஷக் கதை.

நோட்டீஸ்

2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியபோது நகரமே வடிகால் ஆக்கிரமிப்பைப் பற்றித்தான் பேசியது. ராஜகால்வாய்களின் மேல், அதாவது மழைநீரை ஏரிகளுக்குக் கொண்டுபோகும் பெரிய கால்வாய்களின் மேல், கட்டியவை இடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம், கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் இறந்தார். அதன் பிறகு எல்லா வார்டுகளிலும் அவசரம் கூடியது. இந்தத் தெருவுக்கும் நோட்டீஸ் வந்தது. வடிகாலை மூடியிருக்கும் சிலாப்புகளை வியாபாரிகளே அகற்ற வேண்டும், தவறினால் மாநகராட்சி இடித்துச் செலவை வசூலிக்கும் என்று எழுதியிருந்தது.

பயம் பரவிய வேகம் தண்ணீரைவிட அதிகம். ராஜகால்வாய்க்கு 50 மீட்டர் இடைவெளி விடவேண்டுமாம், தெருவே போய்விடுமாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நகரத் திட்டத்தில் 50, 25, 15 மீட்டர் இடைவெளி என்று சொல்லியிருப்பது நில வரைபடத்தில் கால்வாயாகக் குறித்தவற்றுக்கு. சாலையோர வடிகாலுக்கு அது பொருந்தாது. பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் அந்தத் தூரங்களைக் கூட்டியதும், உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை ரத்து செய்ததும் வேறு கதை. இதைச் சங்கக் கூட்டத்தில் விளக்கவே ஒரு மாலை போய்விட்டது.

முறையிடக் கவுன்சிலரும் இல்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. மிஞ்சியது வார்டு பொறியாளர் ஒருவர்தான். அவர் கன்னடத்தில் பேசுவார், கடைக்காரர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் இதற்கு யாரும் மொழிபெயர்ப்பாளர் தேடுவதில்லை.

திறந்து பார்த்தபோது

முதல் கூட்டத்தில் ஓட்டல்காரர் கோபமாகவே இருந்தார். "சார், சிலாப்பை எடுத்தா தண்ணி போயிடும்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார். பொறியாளர் எழுதித் தர முடியாது என்றார். கேள்வி கோபத்தில் வந்தது என்றாலும் சரியான கேள்வி. சிலாப் அடைக்கிறதா, அதற்குக் கீழே வேறு ஏதாவது அடைக்கிறதா என்று அதுவரை யாரும் பார்க்கவில்லை. நாலு இடத்தில் மட்டும் சிலாப்பைத் தூக்கிப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மூடிக் கிடந்த வடிகாலில் விஷவாயு இருக்கும். அதனால் முந்தின இரவே சிலாப்புகளைத் திறந்து காற்றாட விட்டோம். ஆளை இறக்கவில்லை. மேலிருந்து கம்பியால் ஆழம் பார்த்தோம்.

மேல்பகுதியில் ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாக வண்டல், மணலும் பிளாஸ்டிக் கவரும். மாவு மில் அருகே வெள்ளையாக, புளித்த வாடையோடு கெட்டியான சேறு. ஓட்டலுக்குக் கீழே கொழுப்பு படிந்து சுவரோடு ஒட்டியிருந்தது, கம்பியால் குத்தினால் சோப்புக்கட்டி மாதிரி பெயர்ந்தது. மூன்று கட்டடங்களின் கழிவறைத் தண்ணீரும் இதில்தான் விழுந்துகொண்டிருந்தது. பெங்களூரில் கழிவுநீர்க் குழாய் தனி, மழைநீர் வடிகால் தனி. ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்பு அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் குழாயைத் திருப்பிவிடுகிறார்கள்.

முக்கியமானது கீழ்க்கோடியில் இருந்தது. தெருவின் வடிகால் அங்கே குறுக்குச் சாலைக்கு அடியில் நுழைந்து எதிர்ப்பக்கத்துப் பெரிய கால்வாயில் சேர வேண்டும். சாலைக்கு அடியில் இருந்தது 450 மில்லிமீட்டர் குழாய், அதாவது ஒன்றரை அடி விட்டம். அதன் வாயில் ஒரு பழைய தண்ணீர்க் குழாய் குறுக்கே போயிருந்தது. அதன் மேல் கேபிள் கொத்து ஒன்று. இரண்டிலும் துணியும் கவரும் வாழைநாரும் சிக்கி, திரை போட்ட மாதிரி இருந்தது. யார், எப்போது போட்டது என்பதற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை.

கணக்கு என்ன சொன்னது

இந்தத் தெருவுக்கு வந்து சேரும் நிலப்பரப்பு சுமார் மூன்று ஹெக்டேர், ஏழரை ஏக்கர். கிட்டத்தட்ட எல்லாமே சிமென்ட்டும் தாரும். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால், அதில் ஐந்தில் நாலு பங்கு ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 400 லிட்டர் வரும். கோடை இடிமழையில் அரை மணி நேரத்துக்கு இந்த வேகம் பெங்களூரில் அபூர்வமில்லை.

சரிவு நூறு மீட்டருக்கு அரை மீட்டர். அந்தச் சரிவில், சுத்தமாக இருந்தால் இந்த வடிகால் வினாடிக்கு 550 லிட்டருக்கு மேல் கடத்தும். போதும். வண்டலோடு இருந்த நிலையில் 200 முதல் 300 வரைதான். ஆனால் சாலைக்கு அடியில் இருந்த குழாய், அடைப்பே இல்லாமல் புதிதாக இருந்தாலும் 200 லிட்டர் தாண்டாது. நாற்பது கடையின் சிலாப்பையும் பெயர்த்து வடிகாலைக் கழுவி வைத்தாலும் கீழ்க்கோடியில் பாதித் தண்ணீர் திரும்பி நிற்கும் என்பது இதன் பொருள்.

அதே சமயம் வியாபாரிகள் சொன்ன மாதிரி "எங்க சிலாப்புக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல" என்பதும் உண்மையில்லை. வண்டலை எடுக்க விடாமல் தடுத்தவை அந்தச் சிலாப்புகளே. சாலையில் இருந்து தண்ணீர் இறங்கும் வாய்களைப் பல கடைகள் சரிவு கட்டியபோது அடைத்தும்விட்டன. இதைக் கூட்டத்தில் சொன்னபோது கைதட்டல் நின்றுவிட்டது.

எடுத்த முடிவுகள்

வடிகால் வேலையில் பழைய விதி ஒன்று உண்டு: வாயிலிருந்து மேல்நோக்கிப் போ. கீழே வழியில்லாமல் மேலே சுத்தம் செய்தால், இன்னும் வேகமாக வரும் தண்ணீரை அதே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதாகத்தான் ஆகும். அதனால் முதலில் குறுக்குச் சாலைக் குழாயை எடுத்துவிட்டு மூன்றடிக்கு இரண்டடி கான்கிரீட் பெட்டி வைப்பது, அதற்குப் பிறகே சிலாப்புகளைத் தொடுவது என்ற வரிசையைச் சங்கம் கேட்டது.

பொறியாளரின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. கீழே வேலை முடிந்து தண்ணீர் வடிந்துவிட்டால் யாரும் சிலாப்பை எடுக்க மாட்டார்கள், நோட்டீஸை நிறுத்தி வைத்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எழுத்தில் ஓர் உடன்பாடு போட்டார்கள். பெட்டி வைத்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு கடையும் தன் சிலாப்பை எடுத்து, தூக்கித் திறக்கக்கூடிய இரும்புக் கம்பித் தட்டு போடும். தவறும் கடைக்கு மட்டும் நோட்டீஸ் உயிர்பெறும். சங்கத் தலைவரும் கட்டட உரிமையாளர்களில் பெரும்பாலோரும் கையெழுத்துப் போட்டார்கள். வாடகைக்கு இருப்பவரின் கையெழுத்து மட்டும் போதாது என்று பொறியாளர் வற்புறுத்தினார். அது பின்னால் மிகவும் உதவியது.

வடிகாலின் அடியிலேயே உறிஞ்சுகுழி போட்டு நிலத்துக்குள் விடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கழிவறைத் தண்ணீர் கலந்த வடிகாலில் அதைச் செய்தால் பக்கத்துப் போர்வெல் எல்லாம் கெடும், வேண்டாம் என்று விட்டோம். கூரைத் தண்ணீரைத் தனியாகப் பிரிப்பது வேறு விஷயம். நூறு சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் மழை என்றால் 3,000 லிட்டர். நாற்பது கூரைக்கு 1.2 லட்சம் லிட்டர். அதே மழையில் தெருவுக்கு ஓடிவருவது 7.2 லட்சம். ஆறில் ஒரு பங்கு குறையும், பெரிய விஷயம்தான். ஆனால் குழி தோண்ட இடம் இருந்த கட்டடங்கள் ஐந்துதான், அவையே செய்தன.

ஓட்டல்களுக்கும் மில்லுக்கும் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி கட்டாயம் என்று முடிவானது. அமைப்பு எளிது. மூன்று அறை, நடுவில் தடுப்பு. எண்ணெய் மேலே மிதக்கும், சோற்றுப் பருக்கை அடியில் தங்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். மேல்படிவும் அடிப்படிவும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கைத் தொட்டால் அள்ளிவிட வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டிக்கே அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னோம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே மீந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்குத் தரும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. காசும் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஓட்டல்காரரைச் சம்மதிக்க வைக்க யாரும் பாடுபடவில்லை.

பூக்காரர்கள் விஷயம் கடைசியில்தான் பேச்சுக்கு வந்தது, அதுவும் அவர்களில் மூத்த அம்மா ஒருவர் கூட்டத்துக்கு வந்து நின்றதால். "எங்களுக்கு நோட்டீஸ் குடுக்க அட்ரஸ் ஏது தம்பி? இந்தக் கல்லுதான் அட்ரஸ்" என்றார். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, இடம் மாற்றுவதென்றால் அவர்களுக்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு. வேலை நடக்கும் காலத்துக்குப் பக்கத்துக் கோவில் மதில் ஓரமும், முடிந்தபின் பழைய இடமும் என்று உடன்பாட்டிலேயே எழுதச் சொன்னோம்.

வேலை நடந்த விதம்

சாலையைப் பாதிப் பாதியாக வெட்டி, இரவில் பெட்டிகளை இறக்கினார்கள். தண்ணீர்க் குழாயை மேலே தூக்கி மாற்ற அதற்குரிய துறையின் அனுமதி வந்து சேரத்தான் அதிக நாள் ஆனது. கேபிளின் சொந்தக்காரர் மட்டும் கடைசி வரை தெரியவில்லை. துண்டித்துவிடுவோம் என்று அறிவிப்பு ஒட்டிய மறுநாள் இரண்டு பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை.

பழைய குழாயின் உள்ளே இருந்த அடைப்பை எடுக்க ஒப்பந்ததாரரின் ஆட்கள் உள்ளே ஊர்ந்து போகத் தயாராக நின்றார்கள். பழக்கம். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ன் சட்டம் இதைத் தடுக்கிறது, அதைவிட அந்தக் குழாயில் கழிவறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொறியாளர் வேலையை நிறுத்திவிட்டு உயர் அழுத்த நீர் பாய்ச்சி உறிஞ்சும் இயந்திரம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார். ஒப்பந்ததாரர் முணுமுணுத்தார். என் கணிப்பில் இந்த முழுச் சம்பவத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்.

சிலாப்புகளை நாலு நாலு கடையாக எடுத்தார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் இரும்புப் பலகை போட்டு வழி விட்டதால் ஒரு கடையும் முழு நாள் மூடவில்லை. உடன்பாட்டை மீறியவை மூன்று கடைகள். மூன்றிலும் வாடகைக்காரர் தயார், உரிமையாளர்தான் இழுத்தடித்தார். கையெழுத்தைக் காட்டியதும் இருவர் இறங்கிவந்தார்கள். மூன்றாமவர் கையெழுத்தே போடாதவர்.

மழை

2023-ன் மீதி மாதங்களில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. சங்கத்தில் இனிப்பு வழங்கினார்கள். ஆனால் அந்த ஆண்டு பருவமழையே பொய்த்துவிட்டது, அடுத்த மார்ச்சில் நகரம் குடிதண்ணீருக்குத் திண்டாடியது. மழையில்லாத வருஷத்தில் வடிகால் வேலை செய்தது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

உண்மையான பரீட்சை 2024 அக்டோபரில் வந்தது. மாத நடுவிலிருந்து விட்டுவிட்டுக் கொட்டியது, நகரின் வடக்கே குடியிருப்புகள் மூழ்கின. மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் தானியங்கி மழைமானிகள் இருப்பதால், மழையின் வேகத்தைக் கண்ணால் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. கீழ்க்கோடியில் சாலையோரம் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது, மழை குறைந்த சிறிது நேரத்தில் இறங்கிவிட்டது. கடைகளுக்குள் வரவில்லை, இரண்டைத் தவிர.

ஒன்று ஹார்டுவேர் கடையின் குடோன். சாலையைவிடத் தாழ்வான தரை. கழுவின தண்ணீர் போக வடிகாலுக்குக் குழாய் விட்டிருந்தார்கள். வடிகால் நிரம்பியதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவர், பின்னால் திரும்பிப் பார்த்தபோது சிமென்ட் மூட்டைகள் நனைந்துவிட்டன. எதிர்த்திசையில் தண்ணீர் வந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒரு வால்வு போதும், அதை அடுத்த வாரம் வாங்கிப் போட்டார். இன்னொன்று, கையெழுத்துப் போடாத உரிமையாளரின் கடை. அங்கே சிலாப் அப்படியே இருந்தது, தண்ணீர் இறங்கும் வாய் அடைபட்டிருந்தது.

கம்பித் தட்டுகளிலும் பிரச்சினை வந்தது. அக்டோபர் ஆயுதபூஜைக் காலம். வாழைக்கன்று, பூ, நார், பூசணித் துண்டு எல்லாம் தட்டின் மேல் படிந்து மூடிக்கொண்டது. பூக்கார அம்மாக்கள்தான் மழை பெய்யும்போதே துடைப்பத்தால் தள்ளிவிட்டார்கள். கொழுப்புத் தொட்டியில் ஓர் ஓட்டல் ஒழுங்காக இருந்தது. மற்றதில் பொறுப்பான சமையலறை ஆள் ஊருக்குப் போனதும் அள்ளுவது நின்றுபோய், தொட்டி இருந்தும் இல்லாத நிலை.

மாற்ற வேண்டியவை

இதே மாதிரி தெரு இன்னொன்று வந்தால் அளவெடுப்பது நோட்டீஸுக்கு முன்னால் நடக்க வேண்டும். மட்டக்கருவி, கம்பி, ஒரு காலைப்பொழுது போதும். அதற்கான செலவு ஒரு கடையின் டைல்ஸ் செலவுக்கும் குறைவு. நோட்டீஸ் முந்திக்கொண்டதால் முதல் ஒரு மாதம் வக்கீலுக்கும் வதந்திக்கும் போனது.

கடைகளின் தரைக் குழாய்களைக் கணக்கெடுப்பதையும் முதல் ஆய்விலேயே சேர்க்க வேண்டும். சாலையை மேலும் உயர்த்தாமல், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுவது என்ற நிபந்தனையை உடன்பாட்டில் எழுதியிருக்கலாம். அது இல்லாததால் அடுத்த தார் வேலையின்போது திரும்பவும் பேச வேண்டியிருக்கும்.

பராமரிப்புக்கு ஆள் யார் என்பதை விட்டுவைத்ததுதான் பெரிய ஓட்டை. கம்பித் தட்டைத் தூக்குவது, தொட்டியைச் சரிபார்ப்பது எல்லாம் "கடைக்காரர் பொறுப்பு" என்று ஒரே வரியில் எழுதினோம். நாற்பது பேருக்குப் பொதுவான பொறுப்பு யாருடைய கையிலும் நிற்காது. இப்போது சங்கம் மாதச் சந்தாவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஏற்கனவே அங்கே துடைப்பம் பிடித்த பூக்காரப் பெண்களில் இருவருக்குப் பண்டிகை நாட்களில் தட்டுகளைச் சுத்தம் செய்யக் கூலி தருகிறது. கொழுப்புத் தொட்டிக்குச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது, அள்ளிய தேதியைக் குறிக்க.

2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, கோப்புகள் அலுவலகம் மாறின. சாலைக்கு அடியில் இருக்கும் பெட்டியின் மட்டம், குழாய் போன பாதை, கேபிள் எடுத்த இடம் இவற்றின் வரைபடத்தின் ஒரு பிரதி சங்கத்திலும் இருக்கிறது. புதிதாக வந்த பொறியாளர் கேட்டபோது அதைத்தான் கொடுத்தார்கள். கழிவறை இணைப்புகளில் இரண்டு பாதாளச் சாக்கடைக்கு மாறிவிட்டன. மூன்றாவது, கையெழுத்துப் போடாதவரின் கட்டடம். அதற்கான நோட்டீஸ் இன்னும் நிலுவையில் இருக்கிறது.